பரணில் கிடக்கும் டிஜே கருவிகளை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கல்லூரிக் காலத்தில் டிஜேயாக மேடையேறி, பிறகு வேலை, கல்யாணம், குழந்தை என்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தவர்கள் பலர் இப்போது திரும்பி வருகிறார்கள். காசுக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் பார்க்கும் ஆசைதான். அப்படித் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகப் பழைய சாமான்களை எடைக்குப் போட்டுவிட்டுப் லேப்டாப்போடு இணைத்துப் பாட்டுகளை மிக்ஸ் செய்யும் புது கன்ட்ரோலர் வாங்குகிறார்கள். அடுத்த வேலையாக இரண்டு பாட்டின் தாளத்தையும் தானாகவே பொருத்திவிடும் சிங்க் பொத்தானை அதில் அழுத்துகிறார்கள். இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். விட்டுப்போன ஆண்டுகளில் இயந்திரத்தைவிடக் காதில்தான் துரு அதிகம் ஏறியிருக்கும். அதோடு, நம் திரைப்பாடல்களை யாரும் மிக்ஸ் செய்வதற்கென்று இசையமைக்கவில்லை. அவற்றை அதற்குத் தயார் செய்வதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இருக்கிறது.

முதலில் சாமான்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1972-இல் வந்த அந்த வரிசையின் தயாரிப்பு 2010-இல் நின்றது, 2016-இல் மீண்டும் தொடங்கியது. மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றுவதால் காலப்போக்கில் தளர்ந்துபோக அதில் பெல்ட் கிடையாது. பெல்ட் வைத்த மலிவு டர்ன்டேபிள் என்றால் பெல்ட்டை மாற்றிவிட்டே ஓட்டிப் பாருங்கள். தளர்ந்த ரப்பரில் வேகம் அலையும், பாட்டு இழுக்கும். டெக்னிக்ஸின் வேகத்தைச் சோதிக்கத் தட்டின் விளிம்பிலேயே நான்கு வரிசைப் புள்ளிகள் இருக்கின்றன. பிட்ச், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு, 0-வில் இருக்கும்போது சிவப்பு விளக்குக்கு முன் பெரிய புள்ளிகளின் வரிசை அசையாமல் நிற்க வேண்டும். மற்ற மூன்று வரிசைகளும் +6, +3.3, -3.3 சதவீதங்களுக்கு உரியவை. 0-வில் பெரிய புள்ளிகள் மெல்ல ஊர்ந்தால் பிட்ச் ஃபேடரை (நகர்த்தும் குமிழை) முழு நீளத்துக்கு இருபது முப்பது முறை ஏற்றி இறக்குங்கள். பெரும்பாலும் தூசிதான் காரணம். அதற்கும் அடங்கவில்லையென்றால் திறந்து அளவு திருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பெட்டியாக இருந்தால் பின்புறத் தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230.

ஊசியை மட்டும் கட்டாயம் புதிதாக வாங்குங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் பழைய ஊசியிலும் அதைத் தாங்கும் சின்ன ரப்பர் இறுகிப்போயிருக்கும். அந்த ஊசி பள்ளத்தைத் தொடர்ந்து ஓடாமல் எகிறும், இசைத்தட்டையும் கீறும். அந்தக் காலத்தில் எல்லோரும் வைத்திருந்த ஷூர் எம்44-7 கார்ட்ரிட்ஜை, அதாவது ஊசி பொருந்தும் சிறு உறுப்பை, தேடி அலைய வேண்டாம். அந்த நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது. ஆர்டோஃபோன் கான்கார்ட் மிக்ஸ் எம்கே2 போதும், அதற்கு 3 கிராம் எடை வைக்க வேண்டும். எடை வைக்கும் முறை மறந்துபோனவர்களுக்கு: ஊசி உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டை 0-வில் வையுங்கள். பின்புற எடைக்கட்டியைத் திருகி, ஊசியைத் தாங்கும் டோன் ஆர்ம் ஏறாமலும் தாழாமலும் தட்டுக்கு இணையாக மிதக்கவிடுங்கள். கட்டியை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துத் திருகி 3-க்குக் கொண்டுவாருங்கள். டோன் ஆர்மின் நுனியில் பொருந்தும் தனி ஹெட்ஷெல்லில் கார்ட்ரிட்ஜ் மாட்டுகிறவர்கள் ஹெட்ஷெல்லின் வாஷரிலிருந்து ஊசி முனை வரை 52 மில்லிமீட்டர் வருகிறதா என்று அளந்துகொள்ள வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் தட்டின் உள்பகுதிப் பாடல்கள் கரகரக்கும்.

இரண்டு பாட்டுகளின் ஒலியையும் கலக்கும் மிக்ஸரில் கரகரப்பு வந்தால் அது செத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஃபேடருக்குள் தூசி புகுந்திருக்கும். ஃபேடருக்கென்றே விற்கும் கிளீனரை, டிஆக்ஸிட் போன்றதை, ஒரு சொட்டு விட்டு ஐம்பது முறை நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அதில் அடித்துவிடாதீர்கள். பிசுக்கு தங்கி இன்னும் தூசியைப் பிடிக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர வீடுகளில் ஆர்சிஏ சாக்கெட்டுகளில் (ஒலி வயர் செருகும் துளைகளில்) பச்சை பூத்திருக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் வந்து வந்து போவதற்கு முக்கால்வாசி அதுதான் காரணம். பழைய கன்ட்ரோலர்களின் ரப்பர் பூசிய குமிழ்கள் ஈரக்காற்றில் பிசுபிசுத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் பூச்சு உரிந்து அடியிலுள்ள பிளாஸ்டிக் சுத்தமாக வெளியே வரும். தின்னர், அசிட்டோன் இரண்டும் பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

கன்ட்ரோலர் விஷயத்தில் உண்மையான தடை டிரைவர், அதாவது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்தான். 2019-இல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா 32-பிட் மென்பொருள்களை முற்றிலும் கைவிட்டது. அத்தோடு பழைய கருவிகள் பலவற்றின் டிரைவர்கள் வேலை செய்யாமல் போயின. 2004-இல் வந்து ஒரு தலைமுறையையே லேப்டாப்புக்கு மாற்றிய செராட்டோ ஸ்கிராட்ச் லைவ் என்ற டிஜே மென்பொருள் இப்போது இல்லை. அதன் இடத்தில் செராட்டோ டிஜே இருக்கிறது. தயாரித்த நிறுவனம் கைகழுவிவிட்ட கன்ட்ரோலர் உங்களிடம் இருந்தால், மிக்ஸ் என்று பெயர் ஆரம்பிக்கும், எக்ஸ் எழுத்து மூன்று கொண்ட மிக்ஸ்க்ஸ் என்ற இலவசத் திறமூல மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் லினக்ஸோடு நிறுவிப் பாருங்கள். பல பழைய கன்ட்ரோலர்களுக்கான அமைப்புகள் அதிலேயே இருக்கின்றன. அதுவும் உதவாதபோது புதிது வாங்கினால் போதும்.

ஸ்பீக்கரை வயரில்தான் இணைக்க வேண்டும். புளூடூத்தில் தாமதம் 100, 200 மில்லி விநாடி என்று போகும். கையால் தட்டியது காதுக்கு வந்துசேர்வதற்குள் அரை பீட் வரைகூடப் போயிருக்கும். லேப்டாப்பில் பஃபர் அளவையும், அதாவது ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து வெளியே விடுகிறது என்பதையும், பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் 11.6 மில்லி விநாடி, 256 என்றால் 5.8, 128 என்றால் 2.9. பட் பட்டென்று வெடிக்காமல் ஓடக்கூடிய மிகச் சிறிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கரில் உம்மென்று ஹம் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் வழியில் சிக்கல் என்று பொருள். ஸ்பீக்கருக்குப் பேலன்ஸ்டு கேபிள் போட்டோ, இடையில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தோ தீர்க்கலாம். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை முறிக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது. டர்ன்டேபிள் என்றால் ஹம்முக்கு முதல் காரணம், மிக்ஸரின் ஜிஎன்டி திருகில் மாட்டாமல் விட்ட அந்த மெல்லிய எர்த் வயர்.

இனி காது. இரண்டு பாடல்களின் வேகம் பொருந்துகிறதா என்பதில் நம் காது எவ்வளவு கறார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட், அதாவது தட்டு) பாட்டில் ஒரு பீட் 500 மில்லி விநாடி. வேகத்தில் ஒரு சதவீதம் பிசகினால் ஒவ்வொரு பீட்டுக்கும் 5 மில்லி விநாடி விலகும். பதினாறு பீட்டில், அதாவது எட்டே விநாடியில், 80 மில்லி விநாடி. அது யார் காதுக்கும் ‘தட-தட’ என்று இரட்டையாகக் கேட்கும். 0.1 சதவீதப் பிசகு என்றால் அதே இரட்டைச் சத்தம் மெல்லத் தலைகாட்ட அறுபது பீட்டுக்கு மேல் ஆகும், அதற்குள் திருத்திவிடலாம். மலிவுக் கன்ட்ரோலரில் பிட்ச் ஃபேடர் குட்டையாக இருப்பது இங்கேதான் உதைக்கும். ±8 சதவீத ஃபேடர் 128 படிகளாக மட்டுமே பிரிந்திருந்தால் ஒரு படி 0.125 சதவீதம். அதற்கு நடுவில் நிறுத்தவே முடியாது, ஜாக் வீலால் (கையால் சுழற்றும் வட்டத்தால்) அவ்வப்போது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பயோனியர் சிடிஜே வகைப் பிளேயர்களில் ±6 எல்லைக்குள் படி 0.02 சதவீதம்.

காதைப் பழையபடி கூர்மையாக்க இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை: ஒரே பாட்டை இரண்டு பக்கமும் ஏற்றுங்கள். ஒரு பக்கப் பிட்ச்சை +3-க்கு அருகில் எங்கோ வைத்து அந்தப் பக்கத் திரையைக் காகிதத்தால் மூடுங்கள். இன்னொரு பக்கத்தைக் காதால் மட்டும் அதற்கு இணையாகக் கொண்டுவாருங்கள். பாட்டு ஒன்றே என்பதால் இரண்டும் நெருங்கும்போது ஒரு விசித்திரம் நடக்கும். இரட்டைத் தாளம் ஒன்றாகி, குரல் குழாய்க்குள் போய்வருவதுபோல் உள்வாங்கிச் சுழலும். சில மில்லி விநாடிக்குள் வந்துவிட்டீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அங்கிருந்து ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டு, எப்போது பிரிகிறது, எந்தப் பக்கம் முந்துகிறது என்று கவனியுங்கள். முந்துவது எது என்று சொல்லும் திறன்தான் முதலில் போயிருக்கும், கடைசியாகத் திரும்பி வரும். அதற்கு ஹெட்போனின் ஒரு காதை மட்டும் மாட்டி, அடுத்த காதை ஸ்பீக்கருக்கு விடுங்கள். வரப்போகும் பாட்டு ஹெட்போனில், ஓடும் பாட்டு அறையில். ஜாக் வீலை ஒரு திசையில் துணிந்து தள்ளிப் பாருங்கள். இரட்டைச் சத்தம் அகன்றால் திசை தப்பு, குறுகினால் சரி. இது வசப்பட்ட பிறகு வெவ்வேறு பாடல்களுக்குப் போகலாம். சிங்க் பொத்தானை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அது பிசகும்போது திருத்தத் தெரிந்தவர் கையில்தான் அது உதவும். நம் பாடல்களில் அது நிறையவே பிசகும்.

ஏன் பிசகுகிறது? ஹவுஸ், டெக்னோ போன்றவை கணினியின் கடிகாரத்துக்கு உருவாகிறவை. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை வேகம் மாறாது, நான்கு நான்காகத்தான் போகும். மென்பொருள்கள் அந்த இசையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 1976-இல் இளையராஜா வந்த காலத்திலும் அதற்கு முன்பும், பாடல்கள் பெரும்பாலும் பெரிய வாத்தியக் குழு கூடி உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை. பல்லவியில் 118-ஆக இருக்கும் வேகம் இரண்டாம் சரணத்தில் 121-ஐத் தொடலாம். அது குறையில்லை, பாட்டு மூச்சுவிடுவது அப்படித்தான். ஆனால் மென்பொருள் முழுப் பாட்டுக்கும் ஒரே எண்ணை எழுதி பீட் விழும் இடங்களைக் குறிக்கும் ஒரே சீரான கட்டத்தை வரைந்துவிடும். முதல் நிமிடம் சிங்க் அழகாக நிற்கும், மூன்றாம் நிமிடத்தில் தாளம் தள்ளாடும். இதற்கு ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளில் பகுப்பாய்வை டைனமிக் முறைக்கு மாற்றி அந்தப் பாட்டை மறுபடி அலசவிட வேண்டும். செராட்டோவில் பல்லவி, இடையிசை, சரணம் என ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டத்துக்குப் புது நங்கூரம் போடலாம். நேரமில்லையென்றால் அந்தப் பாட்டுக்கு சிங்க்கை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டுவதே மேல்.

அடுத்தது திஸ்ரம். டப்பாங்குத்தும் நாட்டுப்புற மெட்டும் பெருமளவு மூன்று மூன்றாகப் போகிறவை. மென்பொருளுக்கு நான்குதான் தெரியும். நிமிடத்துக்கு 128 தட்டு, ஒவ்வொரு தட்டிலும் மூன்று சின்ன அடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 384 அடி. மென்பொருள் அதே 384-ஐ நான்கு நான்காகக் கட்டி 96 என்று எழுதிவிடும். சில சமயம் 192 என்றும் எழுதும். அந்த எண்ணை நம்பி இன்னொரு 96 பாட்டோடு சேர்த்தால் கால் எங்கே வைப்பதென்றே தெரியாமல் அறையில் இருப்பவர்கள் நின்றுவிடுவார்கள். மிக்ஸ்க்ஸில் இதைத் திருத்த 3/4, 4/3, 2/3, 3/2 என்று பெருக்கும் வசதியே இருக்கிறது. 96-ஐ 4/3-ஆல் பெருக்கினால் 128 வந்துவிடும். மற்ற மென்பொருள்களில் பறை அல்லது தவிலின் கனமான அடிக்கு மட்டும் விரலால் தட்டி, வந்த எண்ணை நீங்களே எழுதிவிட வேண்டும். திருத்திய பாடல்களின் குறிப்பில் ‘திஸ்ரம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். திஸ்ரத்தோடு திஸ்ரம் சேரும்போது வேலை சுலபம்.

அதே கணக்கைப் புரிந்துகொண்டு பயன்படுத்தினால் அருமையான ஒரு தாவல் கிடைக்கும். 128 திஸ்ரப் பாட்டின் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடத்தை லூப்பில் (திரும்பத் திரும்ப) ஓடவிட்டு, அதன் மேல் 96-இல் உள்ள, நான்கு நான்காகப் போகும் சதுஸ்ரப் பாட்டை மெல்லக் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் சின்ன அடிகள் 384-ஆக ஒன்றிவிடும், கனமான அடிகள் மட்டும் மூன்றிலிருந்து நான்குக்கு மாறும். மிருதங்க வித்வான்கள் தனி ஆவர்த்தனத்தில் நடை மாற்றுவார்களே, அதே கணக்குதான். பன்னிரண்டு சின்ன அடிக்கு ஒருமுறை இரண்டின் கனமான அடியும் சேர்ந்து விழும். அந்த இடத்தில் 128 பாட்டின் பேஸை எடுத்தால் மாற்றம் கச்சிதமாக உட்காரும்.

சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி, எங்கே என்பதும் கவனிக்க வேண்டியது. நம் பாடல்களில் குரல் சமத்துக்கு முன்போ பின்போ எடுப்பது சகஜம். மென்பொருள் பல நேரம் குரல் தொடங்கும் இடத்தையே முதல் பீட் என்று குறித்துவிடும். எண் சரியாக இருந்தும் மிக்ஸ் ஏதோ ஒட்டாமல் கேட்டால் பெரும்பாலும் இதுதான். கட்டத்தை அரை பீட் அல்லது ஒரு பீட் நகர்த்தி முதல் குறியைச் சமத்தில் உட்கார வையுங்கள்.

இன்னொரு பெரிய வேறுபாடு நுழைவாயில். கிளப்புக்கான பாடல்கள் வெறும் தாளத்தோடு தொடங்கித் தாளத்தோடு முடியும், அடுத்த பாட்டை நுழைக்க 32 பீட் இடமிருக்கும். நம் பாட்டு ஒரு ஹம்மிங்கோடு தொடங்கும், அல்லது புல்லாங்குழலோடு, அல்லது நேராகப் பல்லவியிலேயே. எனவே நுழைவாயிலை நாமே கட்ட வேண்டும். 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற டிஜே ஒரே பாட்டின் இரண்டு இசைத்தட்டுகளை வைத்துத் தாளம் மட்டும் வரும் துண்டை மாற்றி மாற்றி நீட்டினார். அந்த வேலையை இன்று ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் பத்து நிமிடத்தில் செய்யலாம். இடையிசை முடிந்து சரணம் தொடங்குமுன் தாளம் மட்டும் தனியாக நிற்கும் ஓரிரு ஆவர்த்தனம் பல பாடல்களில் இருக்கும். அதில் 16 பீட்டைச் சமத்திலிருந்து சமம் வரை வெட்டுங்கள். வெட்டும் இடம் அலைக்கோடு பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று கேட்கும். அதை இரண்டு முறை அடுக்கிப் பாட்டின் முன்னால் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தில் 5 முதல் 10 மில்லி விநாடி கிராஸ்ஃபேடு (ஒன்று தேய இன்னொன்று எழுவது) போதும். முடிவிலும் இப்படியே ஒன்று. பாடகரின் மூச்சோ கடைசி எழுத்தின் எதிரொலியோ வெட்டில் சிக்கியிருந்தால் அது எட்டு விநாடிக்கொருமுறை திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டும். ஹெட்போனில் கேட்டு உறுதி செய்துகொண்டே சேமியுங்கள். சேமிக்கும்போது ஏஐஎஃப்எஃப் அல்லது ஃபிளாக் நல்லது. எம்பி3-ஐ வெட்டி மறுபடி எம்பி3-ஆகவே சேமித்தால் ஒலி இரண்டாம் முறை தேயும்.

குரலையும் தாளத்தையும் பிரிக்கும் ஸ்டெம் வசதி நீங்கள் விட்டுப்போன பிறகு வந்தது. செராட்டோவில் 2022 முதல் இருக்கிறது, வேறு மென்பொருள்களிலும் உண்டு. டிரம் செட்டும் பேஸ் கிடாரும் உள்ள பாட்டில் வியக்கும்படி வேலை செய்கிறது. நாதஸ்வரமோ வயலின் கூட்டமோ குரலோடு பின்னி வரும் இடத்தில் அவற்றையும் குரலென்றே எடுத்துக்கொள்ளும், தவிலைப் பாதி தின்றுவிடும். அதனால் நுழைவாயில் கட்டத் தாளம் தேடும்போது இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதிக்கு வருவோம். சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் கீ லாக் இல்லாமல் வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், 1 கட்டைப் பாட்டு 1½ ஆகிவிடும். கீ லாக் போட்டால் சுருதி நிற்கும். ஆனால் 6, 7 சதவீதத்துக்கு மேல் போனால் மிருதங்கம், தபேலாவின் அடி நுனி மழுங்கும். எனவே ±4 சதவீதத்துக்குள் அடங்கும் ஜோடிகளாகப் பார்த்துச் சேர்ப்பதே நல்லது. மென்பொருள் காட்டும் 8ஏ, 8பி போன்ற சுருதிக் குறிகள் மேஜர், மைனர் என்ற இரண்டே வகையை வைத்துச் சொல்பவை. ராகத்தில் அமைந்த பாட்டில் அவை தடுமாறும். 1 கட்டையில் ஹிந்தோளம் பாடினால் அதன் ஐந்து சுரங்களும் 5½ கட்டை மோகனத்தின் ஐந்து சுரங்களும் ஒன்றே. ஹிந்தோளப் பாட்டுக்கு மென்பொருள் ‘ஏ ஃபிளாட் மேஜர்’ என்று எழுதினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கிரக பேதம் (ஆதார சுரத்தை மாற்றி அதே சுரங்களில் வேறு ராகம் காண்பது) தெரிந்தவர்களுக்கு இது பெரிய வரம். அந்த இரண்டு பாடல்களையும் முப்பது விநாடி ஒன்றின் மேல் ஒன்றாக ஓடவிட்டாலும் ஒரு சுரம்கூட முட்டாது. மாறாக 1 கட்டை ஹிந்தோளத்தின் மேல் 1 கட்டை மோகனத்தை வைத்தால், ஆதார சட்ஜம் ஒன்றாக இருந்தும் இரண்டு காந்தாரங்களும் உரசி காது கூசும். கேள்வி ஞானம் உள்ள நம் ஊர்க்காரர்கள் இந்த வேலையில் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

பாடல்களை எங்கிருந்து எடுப்பது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் வீடியோ தளத்திலிருந்து இறக்கியதை எம்பி3 320 (நொடிக்கு 320 கிலோபிட், உயர் தரம்) என்று பெயர் மாற்றி வைத்தால் அது 320 ஆகிவிடாது. ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அது 128-இல் சுருக்கிய பிரதி. உண்மையான 320 சுமார் 20 வரை போகும். வீட்டிலுள்ள ஆடியோ சிடிக்களை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் மூலம் பிரதியெடுப்பது இன்றும் சிறந்த வழி. கேசட்டிலிருந்து எடுத்தால் டெக்கின் வேகம் ஒன்றிரண்டு சதவீதம் தப்பியிருக்கலாம், சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். யுஎஸ்பியில் எடுத்துச்சென்று பழைய சிடிஜேக்களில் போடுவதானால் அது ஃபேட்32 என்ற வடிவில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும், என்டிஎஃப்எஸ் அங்கே படிக்காது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32-ஐக் காட்டாததால், 32 ஜிபி டிரைவுகள் இரண்டை வாங்கி ஒரே சரக்கை இரண்டிலும் வைத்துக்கொள்ளுவது நிம்மதி.

ஒலி அளவில் பழைய பாடல்கள் இன்றையவற்றைவிட மிகவும் தணிந்திருக்கும். அந்த வேறுபாட்டை ஃபேடரில் ஈடுகட்டாதீர்கள். ஃபேடர் முழுவதும் மேலே இருக்க, சானலுக்குள் வரும் ஒலியளவை வைக்கும் ட்ரிம் குமிழால் உச்ச அடி 0 டெசிபலில் நிற்கும்படி வைத்துவிட்டு அப்புறம் பேஸ், மிட், ட்ரெபிள் என்ற ஈக்யூ குமிழ்களைத் தொடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அலையின் தலை வெட்டுப்படுகிறது, ட்வீட்டர் சூடாகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இரண்டு பேஸ்களும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது என்பது பழைய பாடம். நம் பாடல்களுக்கு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறை, தவில், உடுக்கை மூன்றின் உடலும் நடு அலைவரிசையில்தான் இருக்கிறது. பேஸை மட்டும் எடுத்தால் நெரிசல் தீராது. வெளியேறும் பாட்டின் மிட் குமிழையும் கால்பங்கு குறையுங்கள்.

காதைப் பழக்குவதாகச் சொல்லிக் காதையே கெடுத்துக்கொள்ளக் கூடாது. தொழில் பாதுகாப்புக் கணக்கில் 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு ஒரு மணி, 100-க்குக் கால்மணிதான். அறையின் சத்தத்தைக் குறைத்தால் ஹெட்போனையும் தானாகவே குறைப்பீர்கள். அண்டை வீட்டாருக்கும் அதுவே நல்லது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அடுக்குமாடியில் தொல்லை தருவது பெரும்பாலும் பேஸ். ஸ்பீக்கரைத் தரையிலோ சுவரோடு ஒட்டிய அலமாரியிலோ வைக்காமல் தடித்த ரப்பர் அட்டையின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலே பாதிப் புகார் குறையும்.

கடைசியாக, உங்கள் நாளிதழ் வழியாக ஆடியோ நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பாடல்களைப் புதுப்பித்து வெளியிடும்போது குரல் இல்லாத இசைப் பிரதியையும் கூடவே விற்பனைக்கு வையுங்கள். எந்த மூலப்பிரதியிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டுப் பதிவு, எத்தனை கட்டை என்ற விவரங்களையும் கோப்பிலேயே சேருங்கள். காசு கொடுத்து முறையாக வாங்கத் தயாராக இருப்பவர்கள், நல்ல பிரதி கிடைக்காத ஒரே காரணத்தால், யாரோ கேசட்டிலிருந்து எடுத்து ஏற்றிய 128-ஐ இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை